கடையில் ஒரே அலமாரி, சுங்கத்தில் வேறு வேறு எண்
பவர் டிரான்ஸ்மிஷன் பாகங்களை வகைப்படுத்துவது எப்படி?



நம் கடைகளில் பேரிங், புல்லி, வி-பெல்ட், ரோலர் செயின், ஸ்பிராக்கெட், கப்ளிங், கியர் பாக்ஸ் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வாங்க வருகிற ரைஸ் மில்காரருக்கும் நூற்பாலைக்காரருக்கும் அவை ஒரே வேலைக்கான சாமான்களே. மோட்டாரின் சுழற்சியை இயந்திரத்துக்குக் கொண்டு போய்ச் சேர்ப்பதுதான் அவற்றின் வேலை. ஆகவே நாமும் 'டிரான்ஸ்மிஷன் அயிட்டம்' என்று ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அதே சாமான்கள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும்போது சுங்கத்துறையின் கண்ணுக்கு ஒரே குடும்பமாகத் தெரிவதில்லை. பேரிங் ஒரு தலைப்பில், புல்லி வேறொரு தலைப்பில், பெல்ட் ரப்பர் அத்தியாயத்தில், செயின் இரும்பு அத்தியாயத்தில் என்று பிரிந்து நிற்கின்றன.

"நாங்கள் இறக்குமதி செய்வதில்லை, இது எங்களுக்கு எதற்கு?" என்று சில்லறை வணிகர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். ஜி.எஸ்.டி. பில்லில் நாம் போடும் எச்.எஸ்.என். எண்ணும் இதே அட்டவணையிலிருந்து வந்ததுதான். 2021 ஏப்ரல் 1 முதல், ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள் ஆறு இலக்கமும், அதற்குட்பட்டவர்கள் மற்ற வணிகருக்குக் கொடுக்கும் பில்லில் நான்கு இலக்கமும் குறிப்பிட வேண்டும். மொத்த வியாபாரி தவறான எண்ணைப் போட்டால் அவரிடம் வாங்கும் பத்துக் கடைக்காரர்களின் பில்லிலும் அந்தத் தவறு தொடரும்.

நாங்கள் பட்ட பாடு

1990-களின் பிற்பகுதியில் நாங்கள் ஒரு கண்டெய்னர் சரக்கு வரவழைத்தோம். அதில் மூன்று வகை இருந்தது. வெறும் பேரிங் சில பெட்டிகள், வெறும் வார்ப்பிரும்பு ஹவுசிங் சில பெட்டிகள், ஹவுசிங்கில் பேரிங் பொருத்தியே வந்த பில்லோ பிளாக் சில பெட்டிகள். அனுப்பியவர் இன்வாய்ஸில் எல்லாவற்றையும் சேர்த்து 'பேரிங்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டார். நாங்களும் அதைப் படித்துப் பார்க்காமல் கிளியரிங் ஏஜெண்டிடம் கொடுத்தோம். அவரும் ஒரே எண்ணைப் போட்டுத் தாக்கல் செய்தார்.

பெட்டிகளைத் திறந்து பார்த்த அதிகாரி கேட்ட கேள்வி இன்றும் எங்கள் காதில் இருக்கிறது. "இது பேரிங்கா, பேரிங் உட்காருகிற கூடா, இல்லை இரண்டும் சேர்ந்ததா? மூன்றையும் ஒன்றாக எழுதியிருக்கிறீர்களே?" என்றார். எங்களிடம் பதில் இல்லை. ஏய்க்க வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கு இருந்ததில்லை. ஆனால் அலட்சியம் இருந்தது. பெட்டி பெட்டியாகப் பிரித்து, எண்ணி, மதிப்பைப் பங்கிட்டு, திருத்தி எழுதி முடிப்பதற்குள் சம்பா அறுவடை வந்துவிட்டது. டெமரேஜ் ஒரு பக்கம் ஏறியது. எங்களை நம்பிக் காத்திருந்த மில்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். அவர்களில் சிலர் திரும்பி வரவே இல்லை.

உண்மையில் இந்த மூன்றுக்கும் எண் தெளிவாகவே இருக்கிறது. தனியாக வரும் பால் பேரிங் 8482 10. பால் அல்லது ரோலர் பேரிங் பொருத்திய ஹவுசிங் 8483 20. பேரிங் இல்லாத வெறும் ஹவுசிங் 8483 30. அன்று இதை அறிந்து இன்வாய்ஸை மூன்று வரியாக எழுதச் சொல்லியிருந்தால் அந்த நஷ்டம் வந்திருக்காது.

எண் எங்கிருந்து வருகிறது?

1983 ஜூன் 14-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸ் நகரில் உருவான ஒரு சர்வதேச உடன்படிக்கைதான் இதற்கு அடிப்படை. 1988 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த நகரில் இயங்கும் உலக சுங்க அமைப்பு இதைப் பராமரிக்கிறது. நம் நாடு 1986-லேயே தன் சுங்க வரி அட்டவணையை இந்த முறைக்கு மாற்றிக்கொண்டது. இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் இதைப் பின்பற்றுகின்றன.

முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம். நான்கு இலக்கம் தலைப்பு. ஆறு இலக்கம் உள்தலைப்பு. இந்த ஆறு வரை உலகம் முழுவதும் ஒன்றுதான். அதற்குப் பின் வருபவை அந்தந்த நாட்டின் விருப்பம். இந்தியாவில் 2003 முதல் எட்டு இலக்கம். ஆகவே ஏற்றுமதி செய்யும் நண்பர்கள், வாங்குகிறவர் நாட்டு எண்ணின் கடைசி இலக்கங்கள் நம்முடையதோடு ஒத்துப்போகவில்லையே என்று கலங்க வேண்டாம். முதல் ஆறு ஒத்துப்போகாவிட்டால்தான் கேட்க வேண்டும்.

இந்த அட்டவணை ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது. கடைசியாக 2022-இல் திருத்தினார்கள். அடுத்தது 2028 ஜனவரி 1 முதல் வருகிறது. பழைய எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். வேறெங்கும் சேராத இயந்திர பாகங்களுக்கு முன்பு 8485 என்ற தலைப்பு இருந்தது. 2007-இல் அது 8487 ஆயிற்று. 2022-இல் அதே 8485 என்ற எண்ணை முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பழைய ஃபைலைப் பார்த்து 8485 என்று எழுதுகிறவர், தம்மை அறியாமலே வேறு இயந்திரத்தை அறிவித்தவர் ஆகிறார்.

மூன்று கேள்விகள், இந்த வரிசையில்

இயந்திரங்களுக்கான 84, 85-ஆம் அத்தியாயங்கள் அட்டவணையின் 16-ஆம் பிரிவில் உள்ளன. அந்தப் பிரிவின் தொடக்கத்தில் உள்ள குறிப்புகளை நம்மில் பலர் படிப்பதே இல்லை. விஷயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அவற்றை மூன்று கேள்விகளாகச் சுருக்கிக்கொள்ளலாம். வரிசை முக்கியம்.

முதல் கேள்வி: இந்தச் சரக்கை இயந்திரப் பிரிவிலிருந்தே வெளியே தள்ளியிருக்கிறார்களா?

ரப்பர் பெல்ட், பிளாஸ்டிக் பெல்ட் இரண்டும் வெளியே. 'பொதுப் பயன்பாட்டுப் பாகங்கள்' என்று அட்டவணை சொல்லும் போல்ட், நட், ஸ்பிரிங், இரும்புச் செயின் ஆகியவையும் வெளியே. இவை எந்த இயந்திரத்துக்குப் போனாலும் எதனால் செய்யப்பட்டவையோ அந்த அத்தியாயத்தில்தான் சேரும்.

இரண்டாவது கேள்வி: இந்தச் சரக்குக்குப் பெயர் சொல்லி ஒரு தலைப்பு இருக்கிறதா?

இருந்தால் அதுவே அதன் இடம். எந்த இயந்திரத்துக்காகச் செய்தது என்பதைப் பார்க்க வேண்டியதில்லை. திருப்பூர் பின்னலாடை இயந்திரத்துக்கென்றே செய்த புல்லியாக இருந்தாலும் அது 8483-இல் புல்லிதான். பின்னல் இயந்திர பாகங்களுக்கான 8448-க்குப் போகாது. சொந்த வீடு உள்ளவன் வாடகைக்கு இடம் தேட வேண்டியதில்லை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வி: பெயர் சொல்லி இடம் இல்லையென்றால், எந்த இயந்திரத்துக்கு மட்டுமே அல்லது முக்கியமாகப் பயன்படுகிறது?

அந்த இயந்திரத்தின் பாகங்களோடு அது சேரும். அப்படியும் இடம் அகப்படாவிட்டால்தான் கடைசியாக 8487.

நாம் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான். மூன்றாவது கேள்வியை முதலில் கேட்டுவிடுகிறோம். "இது எந்த மெஷினுக்கு?" என்று கேட்பது கடைக்காரரின் பழக்கம். வாடிக்கையாளரிடம் அப்படித்தான் கேட்க வேண்டும். சுங்க அட்டவணையிடம் முதலில் அப்படிக் கேட்கக் கூடாது.

நம் அலமாரியும் அவற்றின் எண்களும்

ஷாஃப்ட், கிராங்க் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்ட்: 8483 10.

கியர் பாக்ஸ் மற்றும் வேகம் மாற்றும் சாதனங்கள், டார்க் கன்வெர்ட்டர், பால் ஸ்க்ரூ: 8483 40. ஆனால் தனியாக வரும் பல்சக்கரமும் செயின் ஸ்பிராக்கெட்டும் 8483 90.

ஃப்ளைவீல், புல்லி: 8483 50. ஆனால் கையால் இழுத்துப் பாரம் தூக்கும் செயின் புல்லி பிளாக் முழு சாதனமாக வந்தால் அது பாரந்தூக்கி, 8425.

கிளட்ச், கப்ளிங், யுனிவர்சல் ஜாயிண்ட்: 8483 60. மின்காந்தத்தால் இயங்கும் கிளட்ச் மட்டும் 8505.

மோட்டாரோடு கியர் பாக்ஸ் இணைந்தே வரும் கியர்டு மோட்டார் 8501-இல் மோட்டாராகவே கருதப்படும். கியர் பாக்ஸ் தனியாக வந்தால்தான் 8483.

பேரிங்: 8482. பால் பேரிங் 10, டேப்பர் ரோலர் 20, ஸ்ஃபெரிகல் ரோலர் 30, நீடில் 40, மற்ற சிலிண்ட்ரிகல் ரோலர் 50 என்று உள்தலைப்பு பிரியும். பேரிங்குக்கான எஃகுக் குண்டுகளில் ஒரு நுணுக்கம் உண்டு. பாலிஷ் செய்த குண்டின் விட்டம், குறிப்பிட்ட அளவிலிருந்து 1 சதவீதம் அல்லது 0.05 மில்லிமீட்டர், இவ்விரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வேறுபடக் கூடாது. வேறுபட்டால் அது பேரிங் குண்டு அல்ல, சாதாரண இரும்புப் பொருள், 7326. ஆகவே குண்டு வாங்கும்போது அளவுச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

ரோலர் செயின்: 7315 11. அதன் இணைப்புக் கண்ணி போன்ற பாகங்கள் 7315 19. மோட்டார் சைக்கிள் செயினும் இங்கேதான், வாகன பாகத்தில் அல்ல.

பெல்ட்: ரப்பர் என்றால் 4010, துணி என்றால் 5910, பாலியூரிதேன் போன்ற பிளாஸ்டிக் என்றால் 3926, தோல் என்றால் 4205. ரப்பர் வி-பெல்ட்டில் வெளிச்சுற்றளவைப் பார்த்து எண் மாறும். 60 செ.மீ.க்கு மேல் 180 செ.மீ. வரை, வரிப்பள்ளம் கொண்ட ரிப்டு பெல்ட் 4010 31, சாதாரண வி-பெல்ட் 4010 32. அதற்கு மேல் 240 செ.மீ. வரை ரிப்டு 4010 33, சாதாரணம் 4010 34. இந்த அளவுகளுக்கு வெளியே உள்ளவை 4010 39.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நம் கடையில் பி-70 என்றால் உள்சுற்றளவு 70 அங்குலம், அதாவது 177.8 செ.மீ. 180-க்குள் இருக்கிறதே என்று 4010 32 போட்டுவிடுவோம். ஆனால் அட்டவணை கேட்பது வெளிச்சுற்றளவை. பி வகை பெல்ட்டின் கனம் 11 மில்லிமீட்டர். ஆகவே வெளிச்சுற்றில் ஏறத்தாழ 7 செ.மீ. கூடி 184 செ.மீ.யைத் தாண்டிவிடும். சரியான எண் 4010 34. பெல்ட்டின் மேல் அச்சிட்ட எண்ணை நம்பி எழுதக் கூடாது.

வண்டிச் சாமான் என்றால் கதையே வேறு

கார், லாரி, டிராக்டர் பாகங்கள் 17-ஆம் பிரிவில் வருகின்றன. அங்கே வேறு விதி. பேரிங் எந்த வண்டிக்குப் போனாலும் 8482-தான். ஆனால் 8483-இல் உள்ள சாமான்கள் இன்ஜினின் உள்ளுறுப்பாக இருந்தால் மட்டுமே 8483-இல் நிற்கும். ஆகவே இன்ஜினின் கிராங்க் ஷாஃப்டும் கேம் ஷாஃப்டும் 8483 10. அதே லாரியின் கியர் பாக்ஸ் 8708 40. டிரைவ் ஆக்ஸில் 8708 50. கிளட்ச் 8708 93.

8483 என்ற தலைப்பைப் புரட்டினால் அதில் 'கிளட்ச்' என்ற சொல் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. நமக்குத் தெரிந்த இளம் வணிகர் ஒருவர் லாரி கிளட்ச்சுகளைச் சில ஆண்டுகளாக 8483 60-இல் இறக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஐந்தாண்டு பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு ஓடி வந்தார். "அண்ணாச்சி, எண் போட்டது ஏஜெண்டுதான். நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. கடையையே அடமானம் வைக்க வேண்டிவரும் என்று பயந்துபோயிருந்தார்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பணம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டு விகிதப்படி அடிப்படைச் சுங்கவரி 8483-க்கு ஏழரை சதவீதம், 8708-க்கு 15 சதவீதம். மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்று கொள்வோம்.

8483 என்றால்: சுங்கவரி 75,000, அதன் மேல் பத்து சதவீத சமூக நலக் கூடுதல் வரி 7,500, இவற்றைச் சேர்த்து வரும் 10,82,500-க்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. 1,94,850. மொத்தம் 2,77,350 ரூபாய்.

8708 என்றால்: சுங்கவரி 1,50,000, கூடுதல் வரி 15,000, 11,65,000-க்கு ஐ.ஜி.எஸ்.டி. 2,09,700. மொத்தம் 3,74,700 ரூபாய்.

வித்தியாசம் 97,350 ரூபாய். இதில் ஐ.ஜி.எஸ்.டி. பங்கு வரவாகத் திரும்பிவிடும். மீதி 82,500 ரூபாய் நம் கைக்காசு. இதுவும் 2025 செப்டம்பர் 22 முதல் வாகன பாகங்களுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆன பிறகுள்ள கணக்கு. அதற்கு முன் அவற்றுக்கு 28 சதவீதம் இருந்ததால் நோட்டீஸில் கேட்கப்படும் தொகை இன்னும் பெரிதாக இருக்கும். வித்தியாசத்தையும் சேர்த்து விலை போட்டு விற்றிருந்தால் பரவாயில்லை. விற்றுத் தீர்ந்த சரக்குக்கு இன்று யாரிடம் போய்க் கேட்பது?

சட்டம் என்ன சொல்கிறது?

2011 முதல் சுய மதிப்பீட்டு முறை நடைமுறையில் உள்ளது. அதாவது எண்ணைச் சரியாகப் போடும் பொறுப்பு இறக்குமதி செய்கிறவருடையது. "ஏஜெண்ட் போட்டார்" என்பது பதில் ஆகாது. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி குறைவாகக் கட்டிய வரியைச் சாதாரணமாக இரண்டு ஆண்டுகளுக்குள் கேட்கலாம். வேண்டுமென்றே மறைத்தோம் என்று தெரிந்தால் ஐந்து ஆண்டுகள் வரை கேட்கலாம். வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம். மறைப்பு நிரூபணமானால் வரிக்குச் சமமான அபராதமும் உண்டு.

அந்த இளம் வணிகரைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முறையும் இன்வாய்ஸிலும் பில் ஆஃப் என்ட்ரியிலும் 'லாரி கிளட்ச்' என்று வண்டியின் மாடலோடு ஒளிவுமறைவின்றி எழுதியிருந்தார். கேட்லாக்கும் கொடுத்திருந்தார். சரக்கின் விவரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு ஒரு வகைப்பாட்டையோ சலுகையையோ கோருவது இறக்குமதியாளரின் நம்பிக்கையைப் பொறுத்தது, அது தவறான அறிவிப்பு ஆகாது என்று 1998-இல் நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. அவருடைய வழக்கறிஞர் அதை எடுத்துக்காட்டினார். மறைப்புக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. இரண்டு ஆண்டு வரியையும் வட்டியையும் கட்டினார். அடி பலமானதுதான், ஆனால் கடை தப்பியது.

எண் தவறிப் போனால் பணத்தோடு போகும். வர்ணனையில் மறைத்தால் மானத்தோடு போகும். அதிகாரியைச் சமாளிக்க 'மெஷினரி பார்ட்ஸ்' என்று மொட்டையாக எழுதச் சொல்லும் ஆலோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. ஆர்டர் கொடுக்கும் அன்றே எண்ணை முடிவு செய்யுங்கள். கப்பல் வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

2. அனுப்புகிறவரிடம் வகைக்கு ஒரு வரியாக இன்வாய்ஸ் கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் பொருளின் பெயர், எதனால் ஆனது, அளவு, தனியாக வருகிறதா பொருத்தி வருகிறதா, வண்டிக்கா இயந்திரத்துக்கா என்பவை இருக்க வேண்டும்.

3. கேட்லாக், வரைபடம், அளவுச் சான்றிதழ் மூன்றையும் ஃபைலில் சேர்த்து வையுங்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகள் பத்திரமாக இருக்கட்டும்.

4. வர்த்தக ஒப்பந்தச் சலுகையில் சரக்கு இறக்குகிறவர்கள், பிறப்பிடச் சான்றிதழில் உள்ள எண்ணும் நம் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது. சரக்கு அங்கே எப்படி உருவானது என்ற விவரமும் இறக்குமதியாளரிடம் இருக்க வேண்டும்.

5. செயினும் ஸ்பிராக்கெட்டும் ஒரே டப்பாவில் வரும் செட் போன்றவை வாதத்துக்கு இடம் தருபவை. தொடர்ந்து இறக்கப் போகிறீர்கள் என்றால் தில்லியிலும் மும்பையிலும் உள்ள சுங்க முன்தீர்ப்பு ஆணையத்திடம் முன்கூட்டியே தீர்ப்பு வாங்கிக்கொள்ளலாம். கட்டணம் 10,000 ரூபாய். சட்டமோ உண்மை நிலையோ மாறாதவரை, சட்டம் குறித்த காலம் வரை அது செல்லும். உடனடியாகச் சரக்கு வேண்டுமென்றால் 18-ஆம் பிரிவின்கீழ் தற்காலிக மதிப்பீடு கேட்கலாம்.

6. தவறு நம் கண்ணிலேயே பட்டுவிட்டால் நோட்டீஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். மறைப்பு இல்லாத நிலையில், நாமே முன்வந்து வரியையும் வட்டியையும் கட்டினால் அபராதம் இல்லாமல் முடிந்துவிடும்.

7. ஒவ்வொரு பட்ஜெட்டுக்குப் பிறகும் விகிதத்தைச் சரிபாருங்கள். எண் அப்படியே இருக்கும், வரி மாறியிருக்கும்.

எங்கள் கடையில் இன்று ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பக்கம். எண், அதைத் தேர்ந்ததற்கான காரணம், எந்தக் குறிப்பின் அடிப்படையில், கடைசியாக எப்போது சரிபார்த்தோம் என்று எழுதி வைத்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் பில் போடும் பிள்ளைகளும் சந்தேகம் வந்தால் அதைத்தான் புரட்டுகிறார்கள். நம் சங்க உறுப்பினர்கள் தத்தம் கடையில் இப்படி ஒன்று தொடங்கலாம். சந்தேகமான சாமான்களைச் சங்கக் கூட்டத்துக்குக் கையோடு எடுத்து வாருங்கள். மேஜை மேல் வைத்து, மூன்று கேள்விகளையும் வரிசையாகக் கேட்டு, சேர்ந்தே முடிவு செய்வோம். நாங்கள் கட்டிய டெமரேஜை இன்னொருவர் கட்ட வேண்டாம்.